துகள்களுக்கு நடுவே என்ன இருக்கிறது?

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். திண்மம், திரவம், வாயு என்று மூன்று கட்டம் போட்டு உள்ளே துகள்களை உருண்டைகளாக வரைவது வருஷா வருஷம் நடப்பதுதான். போன வருஷம் வரைந்து முடித்துவிட்டு, "இந்த உருண்டைகளுக்கு நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். முக்கால்வாசி வகுப்பு, "காத்து சார்" என்றது.

காற்றும் துகள்தானே? அந்தத் துகள்களுக்கு நடுவே? அங்கே ஒன்றுமே இல்லை, வெற்றிடம்தான் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. பிள்ளைகள்மேல் தப்பில்லை. படம் வரைந்த நான்தான் இதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

திரவக் கட்டத்தில் உருண்டைகளை எட்ட எட்ட வரைந்ததும் பிழைதான். திரவத்திலும் துகள்கள் கிட்டத்தட்ட ஒட்டித்தான் கிடக்கின்றன. அடுக்கு குலைந்து, ஒன்றையொன்று வழுக்கி நகர்கின்றன, அவ்வளவே. கொதித்து ஆவியானால்தான் தண்ணீர் சுமார் 1,600 மடங்கு இடம் பிடிக்கும். அதாவது, ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 12 மடங்காகும். அந்த அளவில் வரைந்தால் வாயுக் கட்டத்தில் ஒன்றிரண்டு உருண்டைக்குமேல் இடமிருக்காது.

அப்புறம் ஐஸ். திண்மத்தில்தான் நெருக்கம் அதிகம் என்று படிக்கிற பிள்ளை, நன்னாரி சர்பத் டம்ளரில் ஐஸ் மிதப்பதைத் தினமும் பார்க்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. நீர் மூலக்கூறு உருண்டை இல்லை, வளைந்த வடிவம். உறையும்போது ஒவ்வொன்றும் பக்கத்து நாலு மூலக்கூறுகளைக் குறிப்பிட்ட திசையில்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் அறுகோண வளையங்கள் உண்டாகி நடுவில் பொந்து விழுகிறது. நாம் வரைகிற உருண்டைக்குத் திசையும் கிடையாது, ஈர்ப்பும் கிடையாது.

நம்ம ஊர் அல்வாவை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்? இலையில் வைத்தால் உருவம் நிற்கிறது, தொட்டால் நடுங்குகிறது, நாக்கில் வழுக்குகிறது. கோதுமைப்பாலின் ஸ்டார்ச் நீண்ட சங்கிலி மூலக்கூறு. சூட்டில் ஊறி உப்பி, தண்ணீரை வலைபோலப் பிடித்துவைக்கிறது. உருண்டைப் படத்தில் சங்கிலிக்கு ஏது இடம்?

அதற்காக அந்தப் படத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அல்வாக் கடை நெய் மணம் தெருமுனைவரை வருவதையும், சைக்கிள் டியூபில் காற்று அழுத்துவதையும் அதை வைத்தே அழகாக விளக்கலாம்.

இந்த வருஷம் படத்தை வரைந்துவிட்டு, "இதுல எது உண்மை இல்ல?" என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "ஐஸ் உருகுனா துகளும் உருகுமா சார்?" என்றாள். உருகாது. ஒற்றை நீர் மூலக்கூறு திண்மமும் இல்லை, திரவமும் இல்லை. அன்றைக்குப் பாடம் அதிலேயே முடிந்தது.