அமெரிக்க ஃபெடரல் டெண்டர்: சிறு நிறுவனத்துக்கு விதி எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

அமெரிக்காவில் சின்னதாக ஐடி கம்பெனி நடத்தும் தமிழர்கள் பலருக்கு ஃபெடரல் அரசு வேலை புதிதல்ல. பெரிய நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தை எடுக்கும். அதற்குக் கீழே மூன்றாவது, நான்காவது அடுக்கிலிருந்து இவர்கள் ஆள் அனுப்புவார்கள். 'நாமே நேரடியாகப் போட்டால் என்ன?' என்ற எண்ணம் ஒருநாள் வரத்தான் செய்யும். போடலாம், சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த இடம் வேலையைத் தானே செய்யும் சிறு நிறுவனத்துக்கானது. வாங்கிக் கைமாற்றி விடுபவரை வடிகட்டத்தான் பாதி விதிகள்.

பதிவு எளிது. சாம்.கவ் என்ற அரசுத் தளத்தில் காசு இல்லாமல் செய்யலாம். எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட யூஈஐ என்ற கம்பெனி அடையாளம் அங்கேயே கிடைக்கும். முன்பு கேட்ட டன்ஸ் எண்ணுக்கு 2022 ஏப்ரலோடு வேலை முடிந்தது. வரித்துறையிடம் உள்ள கம்பெனிப் பெயரும் இங்கே தரும் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 'உங்கள் பதிவு காலாவதியாகிறது, இத்தனை டாலர் கட்டுங்கள்' என்று அரசுக் கடிதம் மாதிரியே மெயில் வந்தால் கட்டாதீர்கள். புதுப்பிக்கவும் கட்டணம் கிடையாது.

நீங்கள் சிறு நிறுவனமா என்பதை எஸ்பிஏ எனப்படும் சிறுதொழில் நிர்வாகத்தின் பட்டியல் தீர்மானிக்கும். எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவு இல்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நெய்க்ஸ் குறியீடு, அதற்கென்று ஒரு வரம்பு. கணினி அமைப்பு வடிவமைப்புக்கான 541512 குறியீட்டில் வரம்பு 34 மில்லியன் டாலர் வருவாய். நிர்வாக ஆலோசனைக்கான 541611-இல் 24.5 மில்லியன். ஆகவே ஒரே கம்பெனி ஒரு டெண்டரில் சிறியதாகவும் இன்னொன்றில் பெரியதாகவும் இருக்கலாம். கடைசி ஐந்து ஆண்டு வருவாயின் சராசரியைத்தான் பார்ப்பார்கள். வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். மனைவி பெயரில், தம்பி பெயரில் இன்னொரு கம்பெனி இருந்து, கட்டுப்பாடு ஒரே கையில் என்று தெரிந்தால் இரண்டின் வருவாயையும் கூட்டிவிடுவார்கள்.

ஃபெடரல் ஒப்பந்தத் தொகையில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது அரசின் இலக்கு. அதை எட்டவைக்கும் கருவிதான் 'இருவர் விதி'. நியாயமான சந்தை விலையில் குறைந்தது இரண்டு சிறு நிறுவனங்கள் போட்டிக்கு வரும் என்று எதிர்பார்க்க முடிந்தால், கொள்முதல் அதிகாரி அந்த வேலையைச் சிறு நிறுவனங்களுக்கே ஒதுக்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல், 15,000 டாலருக்கு மேல் 3.5 லட்சம் டாலர் வரையான கொள்முதல் பொதுவாக இப்படித்தான் நடக்கும். அதற்கு மேற்பட்ட தொகைக்கும் இருவர் விதி உண்டு.

சரி, இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? டெண்டருக்கு முன்பே 'சோர்சஸ் சாட்' என்று ஓர் அறிவிப்பு போடுவார். 'இந்த வேலையைச் செய்யத் தகுதியானவர்கள் யார், முன்பு என்ன செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்பது அது. அதில் ஒப்பந்தம் எதுவும் கிடைக்காது என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், மொத்த நடைமுறையிலும் சின்னக் கம்பெனியின் குரல் எடுபடுவது இங்கேதான். இரண்டு சிறு நிறுவனங்கள் உருப்படியாகப் பதில் எழுதினால் வேலை ஒதுக்கீட்டுக்குள் வர வாய்ப்பு அதிகம். யாரும் எழுதாவிட்டால் பெரிய நிறுவனங்களோடு மோத வேண்டியதுதான். விளம்பரப் பிரசுரத்தை அனுப்பாமல், கேட்ட கேள்விக்கு வரிசையாகப் பதில் எழுதுங்கள்.

பொதுவான சிறு நிறுவன ஒதுக்கீட்டுக்கு உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கம்பெனியும் போட்டியிடலாம். பெண்களுக்கான ஒதுக்கீடு, சமூக-பொருளாதார ரீதியில் பின்தங்கியவர்களுக்கான 8(ஏ) திட்டம் இரண்டிலும் 51 சதவீதமாவது குடியுரிமை பெற்றவர் கையில் இருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுத் திட்டமான 8(ஏ) பற்றி நம்மவர்களிடம் பழைய தகவல் ஒன்று இன்னும் சுற்றுகிறது: இந்திய, இலங்கை வம்சாவளி என்றாலே தகுதி உண்டு என்று. அந்த இனவாரி அனுமானத்தை டென்னசியில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் 2023 ஜூலையில் நிறுத்தியது. வம்சாவளியை மட்டும் காட்டி இப்போது உள்ளே போக முடியாது. பொருளாதாரத் தகுதியும் உண்டு: வீட்டின் மதிப்பு, ஓய்வூதியக் கணக்கு, அந்தக் கம்பெனியில் உள்ள பங்கு ஆகியவற்றைக் கழித்து நிகரச் சொத்து 8.5 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் ஐம்பது சதவீத விதி வேலையைக் காட்டும். ஒதுக்கீட்டில் கிடைத்த சேவை ஒப்பந்தத்தில், அரசு தரும் தொகையில் பாதிக்கு மேல் உங்களுக்கு உள்ள அதே தகுதி இல்லாத நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகப் போகக்கூடாது. பத்து லட்சம் டாலர் வேலையில் ஆறு லட்சத்தைப் பெரிய கம்பெனிக்குக் கொடுத்தால் மீறல். அதே ஆறு லட்சம் இன்னொரு சிறு நிறுவனத்துக்குப் போனால் கணக்கில் வராது. அந்த நிறுவனமும் அதே ஒதுக்கீட்டுக்குத் தகுதியானதாக, தானே வேலை செய்வதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது: 1099 என்ற வரிப் படிவத்தில் அமர்த்தும் சுயேச்சை ஆட்கள் உங்கள் ஊழியர்கள் அல்ல, துணை ஒப்பந்தக்காரர்கள். ஆள் அனுப்பியே பழகிய கம்பெனிகள் தடுக்கி விழுவது இதில்தான். அபராதம் 5 லட்சம் டாலர், அல்லது வரம்பை மீறிக் கொடுத்த தொகை, எது அதிகமோ அது. 'சிறு நிறுவனம்' என்று தெரிந்தே பொய் சொன்னால் பத்து ஆண்டு வரை சிறையும் உண்டு.

இதைக் கண்காணிப்பது பெரும்பாலும் அரசு அல்ல, தோற்ற போட்டியாளர். வென்றவர் சிறு நிறுவனமே அல்ல என்று ஐந்து வேலை நாளுக்குள் அவர் ஆட்சேபிக்கலாம். நீங்கள் தோற்றால் அதே உரிமை உங்களுக்கும் உண்டு. பெரிய அளவிலான பேச்சுவார்த்தை முறைக் கொள்முதல்களில், முடிவு தெரிந்த மூன்று நாளுக்குள் எழுத்தில் கேட்டால், உங்கள் டெண்டரில் என்ன குறை என்று விளக்கம் தருவார்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம் அது, வெட்கப்படாமல் கேளுங்கள்.

பணம் பற்றிக் கவலை குறைவு. முறையான பில் போய்ச் சேர்ந்தால் பொதுவாக 30 நாளில் தர வேண்டும், தாமதித்தால் வட்டி.

ஃபார் எனப்படும் கொள்முதல் விதித்தொகுப்பைத் திருத்தி எழுத 2025 ஏப்ரலில் உத்தரவு வந்தது. பழைய கையேட்டில் உள்ள பிரிவு எண்களை நம்பி டெண்டர் எழுத வேண்டாம். சந்தேகம் வந்தால் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் மையங்கள் இருக்கின்றன; பாதுகாப்புத் துறையின் ஆதரவில் நடப்பவை, உதவிக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஃபெடரல் நிதியாண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி முடிவதால் கோடையின் கடைசியில் சிறு கொள்முதல்கள் குவியும். பதிவு வேலையை வசந்தத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.