சமாதானமாகப் போகச் சொல்லவில்லை, அம்மா

பையைப் பறித்த பெடியனுக்கு 17 வயது. பறிகொடுத்த அம்மாவுக்கு 71. நடந்தது ஒஸ்லோவில், ஒரு மெட்ரோ நிலையப் படிக்கட்டில். ஆனால் அந்த அம்மா இருப்பது ஜெர்மனியில். சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு மகனோடு வந்தவர், இரண்டு நாளில் திரும்பிப் போய்விட்டார். (ஆட்களை அடையாளம் காணக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) பெடியனைப் பொலிஸ் பிடித்தது, அவன் ஒப்புக்கொண்டான், அரச வழக்குத்தொடுநர் கோப்பை எங்களிடம் அனுப்பினார்.

எங்களிடம் என்றால் கொன்ஃப்ளிக்ட்ரோட், நோர்வே அரசே நடத்தும் மத்தியஸ்த சேவை. இங்கே மத்தியஸ்தர்கள் நீதிபதிகளும் இல்லை, வக்கீல்களும் இல்லை. பயிற்சி கொடுத்து நான்கு வருடத்துக்கு நியமிக்கிற சாதாரண ஆட்கள். பகலில் நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக ஆலோசகர், பின்னேரங்களில் இந்த வேலை. குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் விரும்பினால் மட்டும் நேருக்கு நேர் இருந்து கதைப்பார்கள். என்ன நடந்தது, அது என்ன செய்தது, இனி என்ன செய்ய வேண்டும், இந்த மூன்றும்தான் பேச்சு. இதை மறுசீரமைப்பு நீதி என்று தமிழில் எழுதுகிறோம். ரோடு போடுகிற திணைக்களத்தின் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் இதைவிட நல்ல சொல் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, பாதிக்கப்பட்டவர் வேறு நாட்டில் இருந்தால் என்ன செய்வது? இப்படியான கோப்பு வந்தால் முதலில் வரும் யோசனை, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு பெடியனோடு மட்டும் ஏதாவது செய்து முடிப்பது. எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி வாரத்தில் ஜெர்மன் மத்தியஸ்தர் ஒருவரைச் சந்தித்திருந்தேன், அவருடைய எண் என்னிடம் இருந்தது. ஜெர்மனியிலும் இந்தச் சேவை உண்டு. குற்றம் செய்தவர் இழப்பைச் சரிசெய்ய உண்மையாக முயன்றால் தண்டனையைக் குறைக்கலாம் என்று அவர்களின் தண்டனைச் சட்டத்தில் 1994-இலேயே சேர்த்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தின் சம்மதத்தோடு அவரைக் கேட்டேன். அவர் தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார்.

பத்து நிமிடத்தில் அந்தச் சந்திப்பு முடிந்துவிட்டது. "களவெடுத்தவனோடை எனக்கென்ன சமாதானம்?" என்று கேட்டு அம்மா கதவைச் சாத்திவிட்டார்.

மொழிபெயர்ப்பாளர் மத்தியஸ்தம் என்ற சொல்லை 'சமாதானப் பேச்சு' என்று சொல்லியிருக்கிறார். அவரில் பிழை சொல்ல மாட்டேன், அகராதியும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லும். ஆனால் எங்கள் ஆட்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அடித்த புருஷனோடு சமாதானமாகப் போ, காணியைப் பிடித்த சித்தப்பாவோடு சமாதானமாகப் போ, பெரியவர்கள் சொல்கிறார்கள், வாயை மூடிக்கொண்டு போ. ஒரு ஜெர்மன்காரர் வாசலில் நின்று அதையே சொல்கிறார் என்றால் கதவைச் சாத்தாமல் என்ன செய்வார்?

எங்கள் விதிப்படி, இல்லை என்றால் இல்லைதான், திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதும் ஒருவகை வற்புறுத்தல். ஆனால் அவர் மறுத்தது நாங்கள் கேட்காத ஒரு கேள்வியை. நாங்கள் இருவரும் நீண்ட நேரம் கதைத்து, கடைசியில் தமிழில் ஒரு பக்கக் கடிதம் மட்டும் அனுப்புவது, பதில் வராவிட்டால் கோப்பை மூடுவது என்று முடிவெடுத்தோம். அதில் முதல் வரியே, 'உங்களைச் சமாதானமாகப் போகச் சொல்லவில்லை, அம்மா'. மன்னிக்கவும் தேவையில்லை, அவனிடம் கேட்க ஏதாவது இருந்தால் கேட்கலாம், சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லலாம், எந்த நேரமும் எழுந்து போகலாம், வேண்டாம் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று எழுதியிருந்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு அவரே ஜெர்மன் மத்தியஸ்தருக்குத் தொலைபேசி எடுத்தார்.

சந்திப்பு வீடியோவில். அங்கே அம்மாவும் மகனும் ஜெர்மன் மத்தியஸ்தரும், இங்கே பெடியனும் அவனுடைய தாயும் மொழிபெயர்ப்பாளரும் நானும். எனக்கு இரண்டு மொழியும் விளங்கும், ஆனாலும் நான் மொழிபெயர்க்கவில்லை. மத்தியஸ்தர் ஒரு பக்கத்தின் வாயாகிவிட்டால் மற்றப் பக்கம் நம்பாது. இரண்டையும் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா முதலில் கேட்டது காசைப் பற்றி அல்ல. "அந்தக் கொப்பி எங்கே?" அவன், "எந்தக் கொப்பி?" என்றான். காசையும் போனையும் எடுத்துக்கொண்டு பையை ஆக்கர்செல்வா ஆற்றில் எறிந்துவிட்டான், உள்ளே வேறு என்ன இருந்தது என்றே பார்க்கவில்லை. இருந்தது செத்துப்போன புருஷன் கையால் எழுதிய தொலைபேசி எண் கொப்பி. அதில் இருந்த பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை, அந்த எண்களும் வேலை செய்யாது. அது அவருக்கும் தெரியும். அவன் கனநேரம் குனிந்தபடி இருந்தான். அப்புறம் அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்: "எவ்வளவு நேரம் எனக்குப் பின்னால வந்தனி? என்ர சீலையைப் பார்த்துத்தானே?" அவன் இல்லை என்றான். படிக்கட்டில் கண்டதும் பை திறந்திருந்ததும்தான் காரணம், இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சேலை உடுத்து ஒருநாளும் வெளியே போகவில்லை என்று அவர் சொன்னது அப்போதுதான். அவருடைய மகனுக்கே அது புதுச் செய்தி.

இந்த இரண்டு கேள்வியையும் எந்த நீதிமன்றமும் அவருக்காகக் கேட்டிருக்காது.

போனின் விலையை நான்கு தவணையில் கட்டுவதாக உடன்பாடு எழுதினோம். நோர்வேச் சட்டப்படி கையெழுத்துக்குப் பிறகு ஒரு கிழமைக்குள் யாரும் பின்வாங்கலாம். அந்தக் கிழமையில் மகன் என்னை அழைத்து, "இவ்வளவுதானா தண்டனை?" என்று கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானதுதான், ஆனால் முடிவு அம்மாவுடையது, அவர் பின்வாங்கவில்லை. மூன்றாவது தவணை இரண்டு மாதம் பிந்தியது, நான் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. நான்காவது ஒழுங்காக வந்தது.

இது வெள்ளைக்காரரின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கும், இது எங்கள் ஊர்ப் பழைய முறைதானே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இந்த யோசனை எப்போதுமே நாடு விட்டு நாடு நடந்துதான் வளர்ந்தது. 1974-இல் கனடாவின் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தபோது, நன்னடத்தை அலுவலர் ஒருவர் நீதிபதியிடம் கேட்டு அவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போனார். 1976-இல் நோர்வேயின் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஓர் உரை நிகழ்த்தினார்: பிணக்கு அதில் சம்பந்தப்பட்ட மக்களின் சொத்து, அதை வக்கீல்களும் அரசும் அவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று. அதற்கு அவர் காட்டிய உதாரணம் தான்சானியாவின் அருஷாவில் ஒரு கிராமத்து வழக்கு. சம்பந்தப்பட்டவர்கள் நடுவில், சொந்தக்காரர் சுற்றிலும், நீதிபதிகள் ஓரமாக. அந்தச் சிந்தனையில் 1981-இல் நோர்வேயின் லியர் என்ற நகராட்சியில் முதல் முயற்சி தொடங்கியது, இரண்டு வருடத்தில் பின்லாந்தின் வந்தாவில் அடுத்தது, 1991-இல் நோர்வே முழுவதற்கும் சட்டம். நியூசிலாந்து மாவோரி மக்களின் குடும்பக் கூட்ட முறையை 1989-இல் இளையோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, அது ஆஸ்திரேலியாவின் வாகா வாகா பொலிஸ் வழியாக இங்கிலாந்தின் தேம்ஸ் வேலி பொலிஸ் வரை போனது.

அதற்குப் பிறகுதான் காகிதங்கள் வந்தன. 1999-இல் ஐரோப்பிய கவுன்சிலின் பரிந்துரை, 2000-இல் பெல்ஜியத்தின் லூவனில் மறுசீரமைப்பு நீதிக்கான ஐரோப்பிய மன்றம், 2002-இல் ஐ.நா.வின் அடிப்படைக் கோட்பாடுகள், 2012-இல் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைக்கான ஐரோப்பிய ஒன்றிய ஆணை, 2018-இல் இன்னும் விரிவான பரிந்துரை. இவை முக்கியமானவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாவின் வாசலுக்கு இவற்றில் ஒன்றும் வரவில்லை. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. எனக்கு உதவியது பயிற்சி வாரத்தில் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட ஓர் ஆளின் எண். அதனால்தான் சொல்கிறேன், நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்றால் மாநாடும் அறிக்கையும் மட்டும் போதாது. யாரை அழைப்பது என்ற பட்டியல் வேண்டும், மத்தியஸ்தர்கள் ஒருவர் மேசையில் மற்றவர் வந்து இருந்து பார்க்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த வேலைக்கென்றே பயிற்சி வேண்டும். ஒரு சொல் பிழைத்தால் என்ன நடக்கும் என்று மேலே எழுதிவிட்டேன்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே, "கட்டப்பஞ்சாயத்துதானே?" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. 2015-இல் பாலியல் வன்கொடுமை வழக்கொன்றை மத்தியஸ்தத்துக்கு அனுப்பிச் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. பெரிய எதிர்ப்பு எழுந்தது, இன்னொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படியான குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எது மறுசீரமைப்பு நீதி இல்லை என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பாதிக்கப்பட்டவர் சுதந்திரமாகச் சம்மதித்தாரா, குற்றம் செய்தவர் நடந்ததை ஒப்புக்கொண்டாரா, எப்போதும் விலக முடியுமா, இது அவருடைய நன்மைக்காகத்தான் நடக்கிறதா என்று 2012 ஆணை கேட்கிறது. ஒன்றுக்காவது இல்லை என்று பதில் வந்தால் அந்த மேசைக்கு அவரைக் கூப்பிடவே கூடாது.

இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள், ஊரில் இணக்க சபை என்று சொல்வது, முந்நூறுக்கு மேல் இயங்குகின்றன. சிறு குற்றங்களையும் பார்க்கின்றன. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவார்கள், வக்கீல் வர முடியாது. இந்தத் தெரிவு முறையை நோர்வே படிக்கலாம் என்று நான் எங்கள் கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எங்களிடமிருந்து அவர்கள் எடுக்கக்கூடியது முன்தயாரிப்பு. இரண்டு பக்கத்தையும் முதலில் தனித்தனியாகச் சந்திக்காமல் ஒரு மேசையில் இருத்தக் கூடாது.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் செய்த மதிப்பீட்டில் நேரடிச் சந்திப்புக்கு வந்த பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். 15 சதவீதம் பேர் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் நான் மறப்பதில்லை.

வேறு நாட்டுக்குப் போன இடத்தில் உங்களுக்கோ உங்கள் தாய்தகப்பனுக்கோ இப்படி ஏதாவது நடந்தால், முறைப்பாடு கொடுக்கும்போதே பொலிஸிடம் இந்தச் சேவை உண்டா என்று கேளுங்கள். நோர்வேயில் பொலிஸ் அனுப்பாவிட்டாலும் நீங்களே கொன்ஃப்ளிக்ட்ரோட்டைத் தொடர்பு கொள்ளலாம், கட்டணம் இல்லை. பெல்ஜியத்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பு வந்த பிறகும், ஆள் சிறையில் இருக்கும்போதும் கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், அந்த வேலையை மகனிடமோ மகளிடமோ விடாதீர்கள். மகனுக்கே தெரியாத ஒன்று அம்மாவிடம் இருக்கலாம்.