வீங்கியிருக்கும்போது பல்லை எடுக்கக் கூடாதா?

"வீக்கம் வடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." பல்வலியோடு கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லப்படும் வார்த்தை இது. வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள், மெடிக்கல் கடைக்காரர் சொல்கிறார், சில இடங்களில் பல் மருத்துவரே சொல்லி ஐந்து நாள் மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார். வாய், தாடை, முக அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். கழுத்து வரை வீங்கி, மூச்சுக்குத் திணறிக்கொண்டு காஷுவாலிட்டிக்கு வருகிறவர்களில் பலர் இந்தப் பேச்சை நம்பி வீட்டில் காத்திருந்தவர்கள்தான். பல் மருத்துவம் படிக்கும் தம்பி, தங்கைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பல்வலியை மாத்திரை போட்டே ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் படித்தால் நல்லது.

இந்த நம்பிக்கை காரணமில்லாமல் வரவில்லை. ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில், சீழ் இருக்கும் இடத்தில் கை வைத்தால் அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்ற பயம் இருந்தது. இன்னொரு காரணம், மரத்துப்போக ஊசி போட்டாலும் வீங்கிய இடம் சரியாக மரத்துப்போகாது. இது உண்மைதான். சீழ் பிடித்த திசுவில் அமிலத்தன்மை கூடுவதால், மருந்து நரம்புக்குள் போகக்கூடிய வடிவில் போதுமான அளவு இருப்பதில்லை. ஆனால் அதற்காகப் பல்லை விட்டுவைக்க வேண்டியதில்லை. வீக்கத்துக்குள் ஊசியைக் குத்தாமல், தள்ளியிருக்கும் நரம்பின் மூலத்தில் மருந்து கொடுத்தால் போதும். கீழ்த்தாடைக்கு பிளாக் ஊசி போடக் கற்றுக்கொடுப்பது இதற்கும் சேர்த்துத்தான். அதுவும் முடியாத அளவுக்கு வாய் பூட்டிக்கொண்டிருந்தால், நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

காரணமான பல்லைச் சீக்கிரம் எடுத்துவிட்டாலோ, வேர் சிகிச்சைக்காகத் திறந்து சீழை வெளியேற்றினாலோ வீக்கம் வேகமாக வடிகிறது. தொற்று பரவுவதும் பெரும்பாலும் நின்றுபோகிறது. சீழ்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தத்தில் வரும் மாத்திரையின் மருந்து அதன் ஓரம் வரைதான் எட்டும். ஐந்து நாள் மாத்திரையில் வலி குறையலாம். ஆனால் செத்துப்போன பல்லின் வேருக்குள் இருக்கும் கிருமி அப்படியே இருக்கும்.

இனி, கீழ்க் கடைவாய்ப்பல் ஏன் இவ்வளவு ஆபத்தானது என்று பார்ப்போம். கீழ்த்தாடையின் உட்புறத்தில் மைலோஹையாய்டு என்ற தசை ஒட்டியிருக்கிறது. வாயின் தரையே அந்தத் தசைதான். முதல் கடைவாய்ப்பல்லும் அதற்கு முன்னால் இருக்கும் பற்களும் பெரும்பாலும் அந்தத் தசைக்கு மேலே வேர்விட்டிருக்கும். அவற்றின் சீழ் உட்பக்கமாக உடைத்தால் நாக்குக்குக் கீழே சேரும். இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப்பற்களின் வேர் நுனி தசைக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கிருந்து சீழ் நேராகக் கழுத்துக்கு, தாடைக்கு அடியில் இருக்கும் சப்மாண்டிபுலர் ஸ்பேஸ் என்ற இடைவெளிக்குப் போய்விடும். தசையின் பின் ஓரத்தில் இந்த இரண்டு இடங்களுக்கும் தொடர்பு உண்டு. அங்கிருந்து தொண்டையின் பக்கவாட்டுக்கும், அதன் பின்னால் நெஞ்சுக்கூட்டுக்கும் வழி இருக்கிறது. மேல்தாடைக் கோரைப்பல்லின் சீழ் வேறு பாதையில் போகும். கண்ணைச் சுற்றியுள்ள சிரைகள் வழியாக மூளையின் அடிப்பகுதி வரை தொற்று ஏறலாம். இறுதி ஆண்டுத் தேர்வுக்காக இந்த ஸ்பேஸ்களின் எல்லைகளை மனப்பாடம் செய்கிறீர்கள் இல்லையா? எல்லையைவிட எது எதோடு சேர்கிறது என்பதைப் படியுங்கள். நோயாளியைக் காப்பாற்றப்போவது அதுதான்.

இரு பக்கத்துத் தாடையடியும், நாக்கின் அடியும், முகவாயின் அடியும் ஒரே நேரத்தில் வீங்குவதை லுட்விக் ஆஞ்சைனா என்கிறோம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிஷ் ஃபான் லுட்விக் 1836-இல் இதை விவரித்தார். ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இன்று பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள். சரியான நேரத்தில் வந்தால்தான் அது நடக்கும். இதில் முதலில் உயிரை எடுப்பது மூச்சடைப்பு. வீங்கிய வாயின் தரை நாக்கை மேலேயும் பின்னேயும் தள்ளிக் காற்று போகும் வழியை அடைத்துவிடுகிறது.

வழக்கமாக வருகிற கதை இப்படி இருக்கும். கடைவாய்ப்பல்லில் ரொம்ப நாளாகச் சொத்தை. வலி வரும்போதெல்லாம் கிராம்பு எண்ணெய், புகையிலை, மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை. ஒருநாள் வீக்கம் வருகிறது. பற்றுப் போடுகிறார்கள், வெளியே சூடாக ஒத்தடம் கொடுக்கிறார்கள். கடையில் கேட்டால் வலி மாத்திரையோடு ஒரு சின்ன மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பல நேரம் அது ஸ்டீராய்டு. வலியும் வீக்கமும் அமுங்கி, நல்லாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே தொற்று பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், அன்றுதான் சர்க்கரை நோய் இருப்பதே தெரியவருகிறது. சர்க்கரை ஏறியிருந்தால் தொற்று வேகமாகப் பரவும், தொற்று இருந்தால் சர்க்கரை இன்னும் ஏறும். அதனால் முகம் வீங்கி வருகிற யாராக இருந்தாலும் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். வயசு குறைவு என்று விட்டுவிடாதீர்கள்.

ஹவுஸ் சர்ஜனாக ஓபியில் உட்கார்ந்திருக்கும்போது வீக்கத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். கன்னத்தில் பந்துபோல் வீங்கியவர் பெரும்பாலும் பத்திரமாக இருப்பார். வெளியே கொஞ்சமாக வீங்கி, வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வரும். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டர் அளவுக்கு, அதாவது அவரவர் கையின் மூன்று விரல் அகலத்துக்கு வாய் திறக்கும். அது சட்டென்று குறைந்திருந்தால், மெல்லும் தசைகளைச் சுற்றித் தொற்று ஆழமாக இறங்கியிருக்கலாம். எச்சில் விழுங்குகிறாரா, டம்ளரில் துப்பிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறியிருக்கிறதா? நாக்கை வெளியே நீட்ட முடிகிறதா? நாக்குக்கு அடியில் விரலை வைத்தால் மெத்தென்று இருக்கிறதா, மரக்கட்டையாக இருக்கிறதா? மல்லாக்கப் படுக்க மாட்டேன் என்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கக்கூட அவரைத் தனியாக வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

அறுவை அரங்கில் நாங்கள் முதலில் பார்ப்பது மூச்சுவழியை. நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் கருவியைக்கொண்டு குழாய் போட வேண்டியிருக்கும். அது முடியாவிட்டால் கழுத்தில் துளையிட வேண்டும். பிறகு, கீழ்த்தாடை விளிம்புக்கு ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் கீழே வெட்டுவோம். கீழுதட்டை அசைக்கும் நரம்புக்கிளை அந்த விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அது வெட்டுப்பட்டால் உதடு கோணிவிடும். தோலைக் கத்தியால் திறந்த பிறகு, உள்ளே போவது மூடிய ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், கத்தரிக்கோல் போன்ற பிடி உள்ள இடுக்கி. சீழ் இருக்கும் இடத்தில் அதை விரித்தபடியே வெளியே எடுக்க வேண்டும், உள்ளே வைத்து மூடக் கூடாது. ஹில்டன் முறை என்று பாடத்தில் ஒரு வரியில் வருவது இதுதான். மூடினால் எந்த நரம்பு, எந்த ரத்தக்குழாய் அதில் சிக்கும் என்று சொல்ல முடியாது. சில நேரம் ஒரு சொட்டுச் சீழ்கூட வராது. அப்போதும் திறந்தது வீண் இல்லை, இறுக்கம் விட்டால்தான் மூச்சுவழிக்கு இடம் கிடைக்கும். மிச்சச் சீழ் வடிய ரப்பர் டிரெயின் வைத்து, காரணமான பல்லையும் அதே அமர்வில் எடுத்துவிடுவோம்.

விதிவிலக்கு இல்லையா? இருக்கிறது. முழுதாக முளைக்காத ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கியிருந்து, பல்லை எடுக்க எலும்பைக் குடைய வேண்டும் என்றால், முதலில் கழுவிச் சுத்தம் செய்து தொற்றை அடக்கிவிட்டு அப்புறம் எடுப்பதுதான் பலரும் பின்பற்றும் முறை. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், எலும்புக்காக சோலெட்ரானிக் அமிலம் போன்ற ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் விஷயத்தில் பல்லை எடுக்கும் முன் சீனியரிடம் கேட்க வேண்டும். ஆனால் கர்ப்பிணி என்பதற்காகச் சீழை விட்டுவைக்கக் கூடாது. எந்த மாதமாக இருந்தாலும் தொற்றுக்குச் சிகிச்சை உண்டு. தள்ளிப்போட்டால் தாய்க்கும் குழந்தைக்கும்தான் கஷ்டம்.

நாளைக்கு நீங்கள் சிறிய ஊரில் தனியாக கிளினிக் வைத்து, இப்படி ஒருவரை மேல்சிகிச்சைக்கு அனுப்ப நேர்ந்தால், 'பல் வீக்கம், பார்க்கவும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பல், வீக்கம் தொடங்கியது எப்போது, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, என்னென்ன மருந்து எடுத்திருக்கிறார், சர்க்கரை எவ்வளவு, கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். போகிற மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்து அனுப்பாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் படுக்க வைக்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.