உங்கள் பிள்ளைக்குத்தான் ஊசி போட்டாச்சே, அப்புறம் என்ன பயம்?

மறுபடியும் ஒரு மணல்வாரி, அதாவது தட்டம்மை. மேலூர்ப் பக்கத்துக் குழந்தை, ஏழு மாதம். காதோரம் தொடங்கிய தடிப்பு வயிறு வரை இறங்கியிருந்தது. கண் சிவந்து பீளை கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே போனது. அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை போட்டு வீட்டிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். நிமோனியா ஆகிவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. நோயைக் கொடுத்தது அதே வீட்டிலுள்ள பெரியப்பா மகன், வயது ஐந்து. ஒரு ஊசிகூடப் போடாத பிள்ளை.

பெரியப்பா படித்தவர். "போடுறதும் போடாததும் எங்க உரிமை சார், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு" என்று போனை நீட்டினார். 2022 மே மாதத் தீர்ப்பு, கொரோனா தடுப்பூசி வழக்கில் வந்தது. யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்று அதில் இருப்பது உண்மைதான். பொதுச் சுகாதாரத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்தப் பகுதி மட்டும் ஏனோ எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்வதில்லை.

2021 டிசம்பரில் கொரோனா ஊசி போடாதவர்கள் பொது இடங்களுக்கு வரக் கூடாது என்று நம் மதுரையில் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பயந்து போட்டுக்கொள்கிறவர் அடுத்த தவணைக்குத் தலைகாட்ட மாட்டார். ஆனால் குழந்தைகள் ஊசிக்கு இங்கே என்ன கட்டாயம் இருக்கிறது? போலீஸ் வருகிறதா, அபராதம் போடுகிறார்களா? கிராம சுகாதார செவிலியர் வெயிலில் வீடு தேடி வந்து கெஞ்சுகிறார், அவ்வளவுதான். அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புவதற்குப் பெயர் சுதந்திரப் போராட்டமா?

இதற்கெல்லாம் மேல், ஊசி வேண்டாம் என்பவர்கள் மற்றவர்களிடம் கேட்கும், தலைப்பில் உள்ள கேள்வி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

தட்டம்மை ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்துதான். அதற்கு முன் போட்டால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைச் சரியாக வேலை செய்யவிடாது. ஆனால் பல குழந்தைகளுக்கு ஆறேழு மாதத்திலேயே அது தேய்ந்துவிடும். அந்த இடைவெளியில் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் குழந்தைக்குக் காவல். 9 மாதத்தில் போட்டாலும் நூற்றுக்கு சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். அதனால்தான் ஒன்றரை வயதில் இரண்டாவது. ரத்தப் புற்றுக்குச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது. இவர்கள் யாரும் வேண்டாம் என்று சொன்னவர்கள் இல்லை. தட்டம்மை ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. ஊரில் நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் அது நிற்கும்.

"தடிப்பு வந்ததும் தனியா வச்சுட்டோமே?" தடிப்புக்கு நான்கு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். அதற்குள் அண்ணன்காரன் தம்பியைத் தூக்கிக் கொஞ்சி முடித்திருப்பான்.

ஆட்டிசம் வரும் என்பவர்களுக்கு: அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010ல் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்கு மேல் பேச எனக்குப் பொறுமையில்லை.

உரிமை என்கிறீர்களே, யாருடையது? அந்த ஐந்து வயதுப் பையனை யாராவது கேட்டார்களா?

காய்ச்சலோடு தடிப்பு வந்தால் வேப்பிலை கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றே ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள். வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுக்க வேண்டும். கிளம்பும் முன் போன் செய்துவிட்டால், மற்றக் குழந்தைகளோடு உட்கார வைக்காமல் தனியாகப் பார்த்துவிடுவோம். ஊசி போட்ட பிறகு லேசாகக் காய்ச்சல் வரலாம், பயந்து அடுத்த தவணையை விட்டுவிடாதீர்கள். தவணை தப்பியிருந்தாலும் ஐந்து வயது வரை அரசு முகாமில் இலவசமாகப் போடலாம். புதன்கிழமைதோறும் முகாம் உண்டு. அட்டை தொலைந்துவிட்டது என்று வராமல் இருக்காதீர்கள். அட்டை இல்லாவிட்டாலும் போடுவார்கள்.