பால்மாத் தட்டுப்பாடும் புளியங்கொட்டையும்

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கூட்டுறவுக் கடையில் வேலை. பயிற்சி என்று கூப்பிட்டு, மேசையைச் சுற்றி உட்காரவைத்து, நாள் முழுக்க வில்லைகளை நகர்த்தச் சொன்னார்களாம். "பிள்ளைகள் விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. ஆனால் முடியும்போது ஆளுக்காள் சண்டை. இதில் என்ன அறிவியல்?" என்று கேட்கிறார்.

அந்தச் சண்டையில்தான் அறிவியலே இருக்கிறது.

அவர் ஆடியதற்கு 'பியர் கேம்' என்று பெயர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரெஸ்டரின் குழு உருவாக்கியது. ஃபாரெஸ்டர் மின்பொறியியலாளர், பழைய கணினிகளின் காந்த நினைவகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1956இல் அங்கேயே முகாமைத்துவப் பிரிவுக்கு மாறினார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனிக்காரர்கள் அவரிடம் ஒரு சிக்கலைச் சொன்னார்கள்: கென்டக்கியில் உள்ள எங்கள் தொழிற்சாலைகளில் சில வருடம் இரவு பகலாக வேலை, சில வருடம் கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புகிறோம், ஏன்? ஃபாரெஸ்டர் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். வெளிச்சந்தை நிலையாக இருந்தாலும், கம்பனிக்குள் முடிவெடுக்கும் முறையே இந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். அதில் கைமாறும் சரக்கு பியர். அதற்குப் பதில் பால்மா என்று வைத்துக்கொள்ளலாம், நமக்குப் பழகிய தட்டுப்பாடு அதுதான். நான்கு பேர்: தோட்டத்துக் கடைக்காரர், டவுன் மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒருவரோடொருவர் பேசக்கூடாது. ஓடர் துண்டு மேலே போகும், பெட்டிகள் கீழே வரும். கேட்ட சரக்கு கைக்கு வர ஏறத்தாழ நான்கு வாரம். ஒவ்வொருவரிடமும் தொடக்கத்தில் 12 பெட்டி இருப்பு. வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி வாங்குகிறார். ஐந்தாம் வாரம் அது 8 ஆகிறது, அதன்பின் கடைசிவரை 8தான். வேறெந்த மாற்றமும் இல்லை.

இனி கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும். மேலே இருப்பவர் கேட்டதை அப்படியே அனுப்புகிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வாரம் 4 வருகிறது, 8 போகிறது, இருப்பு 8. அடுத்த வாரம் 4. அதற்கடுத்து வெறும் அலுமாரி. எட்டாம் வாரம் வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டிய 4 பெட்டி பாக்கி. கடைக்காரர் என்ன செய்வார்? விற்பனைக்கு 8, அதோடு 12 பெட்டி இருப்பில் குறைந்ததையும் சேர்த்து எழுதுவார். ஆக ஐந்தாம் வாரம் முதல் 12, 16, 20, 24. நான்கு வாரத்தில் 72 பெட்டி. ஒவ்வொரு வாரமும் தனியாகப் பார்த்தால் நியாயமான கணக்குத்தான்.

ஆனால் போன வாரம் குறைவுக்காகக் கேட்ட பெட்டிகள் இன்னும் வழியில் இருக்கின்றன. அதே குறைவுக்கு இந்த வாரமும் கேட்கிறார். ஒன்பதாம் வாரம் முதல் எல்லாம் வந்து இறங்குகிறது. பதினொன்றாம் வாரம் பயந்துபோய் ஓடரை நிறுத்துகிறார். இருந்தும் சரக்கு நிற்பதில்லை. பதினான்காம் வாரம் 12 பெட்டி இருக்கவேண்டிய கடையில் 52 பெட்டி!

குறைவுக்காக ஏற்கெனவே கேட்டு வழியில் வருவதையும் கழித்துக்கொண்டு எழுதியிருந்தால்? 12, 12, 12, 12, அதன்பின் எப்போதும் 8. பன்னிரண்டாம் வாரம் இருப்பு மறுபடி 12. நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

இப்போது மொத்த வியாபாரியின் இடத்திலிருந்து பார்க்கவேண்டும். அவருக்கு வாடிக்கையாளரைத் தெரியாது. 4ஆக இருந்த ஓடர் 24க்கு ஏறி, திடீரென்று பூச்சியமானதுதான் தெரியும். அவரும் அதே தவறைச் செய்கிறார், இன்னும் பெரிதாக. சாட்டையின் பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு. விநியோகத் துறையிலும் அதைச் சாட்டையின் பெயராலேயே 'புல்விப் விளைவு' என்கிறார்கள்.

1989இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த விளையாட்டின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார். சராசரி அணிக்கு ஆன செலவு, ஒழுங்காக ஆடினால் ஆகக்கூடியதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. படித்தவர்கள், நிர்வாகிகள் ஆடியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் இருப்பைக் கணக்கில் எடுக்கும் மனது, வழியில் இருப்பதை விட்டுவிடுகிறது என்பது அவர் கண்ட காரணம்.

ஆட்டம் முடிந்ததும் நடத்துபவர் ஒரு காரியம் செய்வார். வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார் என்று வரைந்து காட்டச் சொல்வார். தொழிற்சாலைக்காரர் பெரும்பாலும் மலைபோல ஏறி இறங்கும் கோடு வரைவார். உண்மையான கோடு ஒரே ஒரு படி ஏறி, அப்படியே நேராகப் போவது. அதுவரை "கீழே இருப்பவனுக்கு அறிவில்லை", "மேலே இருப்பவன் பதுக்குகிறான்" என்று கத்தியவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து அடங்குவார்கள். விரிவுரையில் கேட்டால் இது தலையில் ஏறாது. கையால் 52 பெட்டியை அடுக்கியவருக்கே உறைக்கும். ஆட்டம் நடத்திவிட்டு இந்தக் கடைசிப் பேச்சை விட்டுவிடுகிற பயிற்சிகள் காசுக்குக் கேடு என்பது என் கருத்து.

வியாபாரம் ஒரு மாதம் ஏறி ஒரு மாதம் விழுந்தால் நம்மூரில் உடனே கண்ணூறு என்கிறோம், எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிறோம். பழைய ஓடர் கொப்பியைப் புரட்டினால் காரணம் அதிலேயே இருக்கும் என்று ஆசையோடு சொல்கிறேன்.

2022இல் நாடே இந்த மேசையில் உட்கார்ந்தது. டொலர் இல்லாததால் எரிபொருள் இல்லை, அது நிஜமான தட்டுப்பாடு. அதற்கு மேல், நாளைக்குக் கிடைக்காது என்ற பயத்தில் எல்லோரும் தாங்கியை நிரப்பியே வைத்துக்கொள்ள முயன்றோம். கியூஆர் முறை வந்து ஆளுக்கு இவ்வளவு என்று வரையறுத்ததும், அந்த இரண்டாவது பாதி அடங்கியது.

லெகோ கட்டைகளை வைத்து நடத்தும் முறையும் உண்டு. 1990களில் சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி. முகாமைத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் யோஹன் ரூஸ், பார்ட் விக்டர் இருவரும் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது. ஒவ்வொருவரும் பிரச்சினையைக் கட்டிக் காட்டி, கட்டியதைப் பற்றிப் பேசவேண்டும். துரைக்கு முன்னால் வாய் திறக்காத கொழுந்து பறிக்கும் அக்கா, "இந்தப் படி உயரமாக இருக்கிறது" என்று கட்டையைக் காட்டிச் சொல்லலாம். தோட்டக் கூட்டங்களில் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் எனக்கு ஆசை வேறொன்றில். நுவரெலியாவில் கரட் விலை ஏறினால் எல்லோரும் கரட் போடுகிறோம். மூன்று மாதம் கழித்து ஒரே நேரத்தில் அறுவடை, விலை விழுகிறது. பக்கத்துக்காரரின் பாத்தியில் மண்ணுக்குள் வளரும் கரட்தான் இங்கே வழியில் இருக்கும் சரக்கு. அதை யாரும் எண்ணுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. பெரிய இயந்திரங்களுக்குத் தேடும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கி, மாணவர்களைக் கமநல சேவை நிலையங்களுக்கு அனுப்பலாம். தேவைப்படுவது ஒரு மேசை, ஒரு சாக்குப் புளியங்கொட்டை, பத்துப் பன்னிரண்டு விவசாயிகள். கொட்டைதான் கரட். முதல் ஆட்டத்தில் ஒருவர் விதைத்தது மற்றவருக்குத் தெரியாமல் மூடிவைக்கவேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் எல்லாக் கொட்டைகளையும் மேசை நடுவில் திறந்து வைக்கவேண்டும். இரண்டிலும் விலை எப்படிப் போகிறது என்று சுவரில் அருகருகே வரைந்தால் போதும்.