20 நிமிடத்தில் 23,000 பவுண்டு: பிரிட்டனில் பந்தய நிறுவனங்களுக்கு இருக்கும் கடமைகள் என்ன?

2023 மார்ச் 28-ஆம் தேதி பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வில்லியம் ஹில் என்ற பந்தயக் குழுமத்தின் மூன்று நிறுவனங்கள், விதிகளை மீறியதற்காக, சேர்ந்து 1.92 கோடி பவுண்டு கட்ட ஒப்புக்கொண்டிருந்தன. அதுவரை அந்த ஆணையம் யாரிடமும் அவ்வளவு பெரிய தொகை வாங்கியதில்லை. ஆனால் தொகையைவிட உள்ளே இருந்த விவரங்கள்தான் அதிர வைத்தன. புதிதாகக் கணக்கு திறந்த ஒரு வாடிக்கையாளர் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டை ஆடித் தீர்த்திருக்கிறார். நிறுவனம் எந்தச் சோதனையும் செய்யவில்லை. இன்னொருவர் 24 மணி நேரத்தில் 18,000 பவுண்டு. மற்றொருவர் இரண்டு நாளில் 32,500.

1934 முதல் தொழில் நடத்தும் பெயர் இது. முறையான லைசென்ஸ் உண்டு, நாடு முழுக்கக் கடைகள் உண்டு. அப்படிப்பட்ட இடத்திலேயே இப்படி நடந்தது எப்படி, எந்த விதி மீறப்பட்டது, வாடிக்கையாளருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் அதிகம் வாழும் பகுதிகளிலும் பந்தயக் கடைகள் இருக்கின்றன, கைபேசியில் ஆப் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சட்டம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம். 2005 சட்டத்தின் கீழ் உருவான சூதாட்ட ஆணையம் பர்மிங்ஹாமில் இயங்குகிறது. நிறுவனத்துக்கான லைசென்ஸை ஆணையம் தரும். கடை நடத்தும் இடத்துக்கான லைசென்ஸை உள்ளூர் கவுன்சில் தரும். நிறுவனத்தில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் தனிப்பட்ட லைசென்ஸும் வைத்திருக்க வேண்டும். ஜிப்ரால்டரிலோ மால்ட்டாவிலோ உட்கார்ந்து இணையத்தில் நடத்தினாலும், ஆடுபவர் பிரிட்டனில் இருந்தால் 2014 நவம்பர் முதல் இந்த ஆணையத்தின் லைசென்ஸ் கட்டாயம்.

சட்டம் மூன்று நோக்கங்களைச் சொல்கிறது. சூதாட்டம் குற்றத்துக்கு வழியாகக் கூடாது. ஆட்டம் நேர்மையாக, ஒளிவுமறைவின்றி நடக்க வேண்டும். குழந்தைகளும் எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களும் காக்கப்பட வேண்டும். லைசென்ஸ் நிபந்தனைகள் என்ற பெரிய தொகுப்பு முழுக்க இந்த மூன்றிலிருந்து கிளைத்ததுதான். பெரிய நிறுவனங்கள் மாட்டுவது பெரும்பாலும் முதலாவதிலும் மூன்றாவதிலும்.

மூன்றாவது நோக்கத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். "பொறுப்போடு ஆடுங்கள்" என்று திரையின் ஓரத்தில் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் எவ்வளவு செலவழிக்கிறார், எவ்வளவு நேரம் ஆடுகிறார், திடீரென்று வேகம் கூடுகிறதா, இரவெல்லாம் விழித்து ஆடுகிறாரா என்பதையெல்லாம் நிறுவனமே கண்காணிக்க வேண்டும். ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் தானே முன்வந்து பேச வேண்டும். பேசியதால் பலன் கிடைத்ததா என்றும் பார்க்க வேண்டும். பலன் இல்லையென்றால் வரம்பு போட வேண்டும், அல்லது கணக்கையே நிறுத்த வேண்டும். இணைய நிறுவனங்களுக்கு இந்த விதி 2022 செப்டம்பரில் இன்னும் இறுக்கமானது. இதற்கு வேண்டிய தகவல் எல்லாம் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு க்ளிக்கும் அதன் சர்வரில் பதிவாகிறது. வாடிக்கையாளருக்கு எப்போது போனஸ் அனுப்பினால் மறுபடி வருவார் என்று கணிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, அவர் மூழ்கிக்கொண்டிருப்பது தெரியவில்லை என்றால் அதை ஏற்க முடியாது.

வில்லியம் ஹில் விவகாரத்தில் நடந்தது இதுதான். ஆபத்து வந்த பிறகு விழித்துக்கொள்ளும்படியாகத்தான் அங்கே சோதனைகள் அமைந்திருந்தன. புதுக் கணக்கில் முதல் சில மணி நேரத்தில் பணம் கொட்டினால் தடுக்க ஏற்பாடு இல்லை. கடனுக்குப் பந்தயம் கட்டும் வாடிக்கையாளர் வரம்பை உயர்த்தக் கேட்டால் 24 மணி நேரம் பொறுத்துத்தான் தர வேண்டும். சூட்டோடு சூடாக முடிவெடுக்கக் கூடாது என்பதற்கான விதி அது. அதையும் விட்டுவிட்டார்கள். 70,000 பவுண்டு வரம்பு உள்ள ஒருவர் 1,00,000 பவுண்டுக்கு ஒரே பந்தயம் கட்ட விடப்பட்டார்.

எனக்கு மிகவும் வேதனையாகப் பட்டது 331 என்ற எண். "எனக்கு இது கைமீறிப் போகிறது, என்னை உள்ளே விடாதீர்கள்" என்று மிஸ்டர் கிரீன் என்ற சூதாட்டத் தளத்தில் தாங்களே எழுதிக் கொடுத்துத் தங்களை விலக்கிக்கொண்ட 331 பேர், அதே குழுமத்தின் வில்லியம் ஹில் தளத்தில் ஆட முடிந்தது. அப்படி எழுதிக் கொடுக்க ஒருவருக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! முன்கதவைப் பூட்டச் சொன்னவருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான் இது.

குற்றப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுப்பதிலும் ஓட்டைகள். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. ஒருவர் ஒரு மாதத்தில் 70,134 பவுண்டு இழந்திருக்கிறார், இன்னொருவர் நான்கு நாளில் 36,000. கடைகளிலும் இதே நிலைதான். ஒருவர் போதிய சோதனை இல்லாமலே 19,000 பவுண்டுக்கு ஒரே பந்தயம் கட்டியிருக்கிறார். வருமான ஆதாரம் கேட்பது நிறுவனத்தின் தொல்லை என்று ஆடுபவர்கள் எரிச்சல்படுவதுண்டு. திருட்டுப் பணம் வருவதைத் தடுப்பதும், வீட்டுச் செலவுப் பணம் கரைவதைக் கண்டுபிடிப்பதும் இந்த ஒரே கேள்வியால்தான். 2018-இல் இதே வில்லியம் ஹில் 62 லட்சம் பவுண்டு தண்டனை கட்டியபோது, பத்து வாடிக்கையாளர்கள் குற்றத்தோடு தொடர்புடைய பணத்தை உள்ளே கொட்ட முடிந்தது என்பது வெளிவந்தது. அதில் நிறுவனத்துக்குக் கிடைத்த ஆதாயம் சுமார் 12 லட்சம் பவுண்டு.

அதாவது 2023-இல் நடந்தது முதல் தடவை இல்லை. 2022 ஜூலையில் வில்லியம் ஹில்லை வாங்கிய 888 என்ற இணையச் சூதாட்ட நிறுவனமும் அதற்கு முன்பே இருமுறை மாட்டியது: 2017-இல் 78 லட்சம் பவுண்டு, 2022 மார்ச்சில் 94 லட்சம். லாட்புரோக்ஸ், கோரல் கடைகளை நடத்தும் என்டெய்ன் 2022 ஆகஸ்டில் 1.7 கோடி கட்டியது. அங்கே 18 மாதத்தில் 2,30,845 பவுண்டு போட்டு, இரவிரவாக ஆடிய ஒருவரிடம் நிறுவனம் பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் சாட்டில்.

சரி, தவறு நிரூபணமானால் ஆணையம் என்ன செய்யலாம்? லைசென்ஸை மறுஆய்வுக்கு எடுக்கலாம். எச்சரிக்கலாம், கூடுதல் நிபந்தனை போடலாம், அபராதம் விதிக்கலாம், லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், அடியோடு ரத்தும் செய்யலாம். நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்தால் அபராதத்துக்குப் பதில் ஓர் உடன்பாடு செய்துகொள்வதும் உண்டு. வில்லியம் ஹில் கட்டியது அப்படிப்பட்ட உடன்பாட்டுத் தொகை. இணையத் தளத்துக்கு 1.25 கோடி, மிஸ்டர் கிரீனுக்கு 37 லட்சம், கடைகளுக்கு 30 லட்சம். தவறுகள் அவ்வளவு பரவலாக இருந்ததால் லைசென்ஸை நிறுத்தி வைப்பது பற்றியே தீவிரமாக யோசித்ததாக ஆணையத்தின் தலைமை அதிகாரி ஆண்ட்ரூ ரோட்ஸ் சொன்னார். நிறுவனம் உடனே தவறை உணர்ந்து திருத்தத் தொடங்கியதால்தான் தொகையோடு விட்டதாம். என்னைக் கேட்டால், மூன்று நாளாவது கடையைச் சாத்தச் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்காகிவிடும். லைசென்ஸ் போகும் என்ற பயம்தான் இயக்குநர் குழுவை உட்கார வைத்து யோசிக்க வைக்கும்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். அபராதம் என்றால் அரசு கஜானாவுக்கு. உடன்பாட்டுத் தொகை என்றால் சூதாட்டப் பாதிப்பைக் குறைக்கும் நற்பணிகளுக்கு. இழந்த வாடிக்கையாளருக்கு அது தானாக வந்து சேராது. தனிநபர் புகார்களைத் தீர்த்து, பணத்தைத் திருப்பி வாங்கித் தருவது ஆணையத்தின் வேலை இல்லை.

நீதிமன்றம் போகலாமே என்றால், அந்த வழியும் குறுகல். 2008-இல் நாய்ப் பந்தயப் பயிற்சியாளர் ஒருவர் இதே வில்லியம் ஹில் மீது போட்ட வழக்கு மேல்முறையீடு வரை போனது. தன்னை விலக்கச் சொல்லிக் கேட்டும் நிறுவனம் அதைச் செய்யவில்லை, 20 லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்தேன் என்றார். விலக்கச் சொன்னதைச் சரியாக நிறைவேற்றாதது நிறுவனத்தின் தவறு என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இங்கே தடுத்திருந்தாலும் இவர் வேறு இடத்தில் ஆடி அழிந்திருப்பார் என்று சொல்லி, இழப்பீடு தர மறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு விதிகள் நிறையவே மாறியிருக்கின்றன. கடை இயந்திரங்களில் ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்தது 2019 ஏப்ரலில் 2 பவுண்டானது. 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாடத் தடை. 2025 ஏப்ரலில் இணைய ஸ்லாட் ஆட்டங்களுக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு உச்சவரம்பு வந்தது. அடுத்த மாதமே 18 முதல் 24 வயதுள்ளவர்களுக்கு அது 2 பவுண்டு ஆனது. 2025 பிப்ரவரி முதல், மாதம் 150 பவுண்டுக்கு மேல் நிகரமாகப் போடுபவர்களுக்குப் பணநெருக்கடி இருக்கிறதா என்று பொதுப் பதிவுகளைப் பார்த்து நிறுவனம் சரிபார்க்க வேண்டும்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இது தேவைப்பட்டால், முதலில் அந்தத் தளத்தின் அடியில் லைசென்ஸ் எண் இருக்கிறதா என்று பார்த்து, ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் ஒப்பிடுங்கள். லைசென்ஸ் இல்லாத தளத்தில் மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தவர் கேம்ஸ்டாப் (GAMSTOP) என்ற இணையச் சூதாட்ட விலக்குத் திட்டத்தில் இலவசமாகப் பதியலாம். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம், இடையில் மனம் மாறினாலும் ரத்து செய்ய முடியாது. 2020 மார்ச் 31 முதல் லைசென்ஸ் பெற்ற எல்லா இணைய நிறுவனங்களும் இதில் சேர்ந்தாக வேண்டும். கடைகளுக்கு இது பொருந்தாது, அதற்குத் தனி விலக்குத் திட்டம் இருக்கிறது. மனைவியோ அம்மாவோ அவருக்காகப் பதிய முடியாது, அவரேதான் பதிய வேண்டும். பார்க்லேஸ், லாயிட்ஸ், மான்சோ போன்ற வங்கிகளின் ஆப்பிலேயே சூதாட்டக் கட்டணங்களை முடக்கும் வசதி உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்வது நல்லது.

நிறுவனம் தன் கடமையில் தவறியதாகத் தோன்றினால், முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அதைத் தீர்க்க நிறுவனத்துக்கு எட்டு வாரம் இருக்கிறது. தீராவிட்டால் அந்த நிறுவனம் குறிப்பிட்டிருக்கும் சுயேச்சையான தீர்வு அமைப்பிடம் இலவசமாகக் கொண்டுபோகலாம். அதோடு தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும் கேளுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். உங்களை ஆபத்தில் இருப்பவராக எப்போது குறித்தார்கள், அதற்கப்புறம் எத்தனை போனஸ் அனுப்பினார்கள் என்பது அந்தப் பதிவுகளில் இருக்கலாம். அதன் நகலை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். பணம் வாங்கித் தராவிட்டாலும், எந்த நிறுவனத்தை விசாரிக்க வேண்டும் என்று முடிவெடுக்க அந்தத் தகவல் ஆணையத்துக்கு உதவும்.

பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆடுபவர் மட்டுமல்ல, அவர் வீட்டாரும் கூப்பிடலாம்.