இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமாகாது

"கம்பெனில லிட்டருக்கு 24 கிலோமீட்டர் வரும்னாங்க, எனக்கு 15-ஐத் தாண்ட மாட்டேங்குதுங்க." கோவையில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் சின்ன கார்க்காரர்கள் அதிகம் சொல்லும் புகார் இது. பிளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாம் பார்ப்போம். பல வண்டிகளில் கோளாறே இருக்காது. அப்புறம் வண்டிக்காரரையே ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருவேன்.

அந்த 24 பொய்யில்லை. 2022-இல் வந்த ஆல்டோ கே10 மேனுவல் வண்டிக்குச் சொன்ன கணக்கு 24.39. ஆனால் அது ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் எடுத்தது. சிங்காநல்லூர் சிக்னலில் அது கிடைக்காது. ஆனாலும் 15-க்கு மேலே ஏற்றுவது நம் வலது காலால் முடிகிற காரியம்தான்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது நியூட்ரலில் உருட்டுவதைச் சிக்கனம் என்றே பலர் நம்புகிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கணக்கு தலைகீழ். அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் கண்ணெதிரே தெரியும். மூன்றாவது கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்தால், இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் பெட்ரோல் தேவையில்லை. நியூட்ரலுக்குத் தள்ளிய உடனே, இன்ஜின் அணையாமல் இருக்க மறுபடி தெளிக்க ஆரம்பிக்கும். அதைவிட மோசம், இன்ஜினின் பிடி போய்விடுவதால் மொத்தப் பாரமும் பிரேக்கில் விழுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. இதை மட்டுமாவது இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

டவுனிலும் இதே கணக்குதான். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிகிறது. சிக்னல் வரை விரட்டிப்போய் பிரேக் அடிக்கிறார்கள். விரட்டுவதற்கு எரித்த பெட்ரோல் அத்தனையும் பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போகிறது. முன்கூட்டியே காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறைய விடுங்கள். போய்ச் சேரும் நேரம் பெரிதாக மாறாது.

சின்ன இன்ஜின்தானே என்று 30-லேயே நான்காவது கியர் போட்டு முக்க விடுவதும் தப்பு. அப்படி முக்கும் இன்ஜினில் இழுவை இருக்காது, கால் தானாக ஆழமாக அழுத்தும். வண்டி அதிர்ந்தால் ஒரு கியர் குறையுங்கள்.

பைபாஸில் 80-இல் போகிற வண்டியை 100-க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். குடும்பத்தோடு சேலம் போகும் ஆயிரம் சிசி வண்டிக்கு இது பெரிய பாரம்.

டயர் காற்றுக்குக் கடைக்காரர் சொல்லும் அளவு வேண்டாம். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறையாதா என்று கேட்கிறார்கள். கொஞ்சம் குறையும்தான், எத்தனாலில் எரிசக்தி குறைவு. ஆனால் 24, 15 ஆகிறதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

மாற்றம் தெரிய வேண்டுமானால் மீட்டரில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். ஒரே பெட்ரோல் பங்கில், குழாய் தானாக நிற்கும் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும் அங்கேயே, அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்க் பழையபடி, அடுத்த டேங்க் இப்படி.